பூங்கோதையின் காதும் உன் கடிதத்தின் ஏழாம் பக்கமும்

கொடிக்கால்புதூர்,
பரமத்தி வேலூர் வழி.
4-10-81, புரட்டாசி 18, ஞாயிறு.

என் மகள் சௌந்திரத்துக்கு உன் அப்பா அப்புசாமி தன் கையால் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தப் பிலாய் ஊரில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நினைத்துக்கொள்கிறோம். இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் அர்த்தநாரியும் அவன் பெண்டாட்டி கந்தம்மாளும் மாடு கன்றும் சுகம். அவர்கள் மகள் பூங்கோதையும் இப்போது சுகம். இப்போது என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே சாமி, காய்ச்சல் நின்று பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது, சோறு தின்கிறாள், கோழியைத் துரத்துகிறாள். கெட்ட சேதியின் முடிவை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று இந்த மாதம்தான் கற்றுக்கொண்டேன். புதன்கிழமை எழுத உட்கார்ந்தவன் இன்று ஞாயிற்றுக்கிழமைதான் முடிக்கப் போகிறேன், எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் கடிதமும் தீப்பெட்டியும் ஆவணி இருபதாம் தேதி சனிக்கிழமை வந்து சேர்ந்தன. மாப்பிள்ளையோடு இரும்பாலையில் வேலை பார்க்கும் ராசிபுரத்துக் கந்தப்பன் லீவில் வந்தவர் தானே பஸ் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், எல்லாம் லெட்டர்ல எழுதியிருக்குதுங்கன்னு சௌந்திரக்கா சொல்லச் சொன்னாங்க என்று சொல்லி ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பிவிட்டார். கவரைப் பிரித்தால் பன்னிரண்டு பக்கம். நான்தான் போன கார்டில் எழுதியிருந்தேன், முதியோர் பள்ளியில் ஒன்பது மாதம் ஆகிவிட்டது, இனி உன் கடிதத்தை நானே படிப்பேன், எழுத்தைப் பெரிதாகவும் விட்டுவிட்டும் எழுது என்று. நீயும் அப்பா சொன்னதைக் கேட்டு ஒவ்வொரு எழுத்தையும் அவரைக்கொட்டை அளவு எழுதியிருந்தாய். அர்த்தநாரி கையை நீட்டி, குடுங்கப்பா நாஞ் சித்த நேரத்துல படிச்சுச் சொல்லிப்போடறேன் என்றான். கந்தம்மாள் எட்டாவது வரை படித்தவள், அவளும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து நின்றாள். நான் கொடுக்கவில்லை. என்ற பேருக்கு வந்த கடுதாசி, நானே படிச்சுச் சொல்றேன், கம்முனு போய் வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். உனக்குக் கல்யாணம் ஆகி எட்டு வருஷமாக வந்த கடிதத்தையெல்லாம் ஒருநாள் தபால்காரர் படித்தார், ஒருநாள் உன் அண்ணன் படித்தான், நான் மரம் மாதிரி நின்று கேட்டேன். அன்றைக்குத்தான் முதல்முதலாக உன் கையெழுத்தில் ஒரு சொல்லை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பா என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு அன்று பகல் முழுதும் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை ஓடவில்லை, கரையில் உட்கார்ந்து அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

தீப்பெட்டியை மட்டும் உடனே திறந்து பார்த்தோம். பஞ்சுக்குள் இரண்டு வெள்ளை மொட்டு, மிளகு அளவுகூட இல்லை, ஆணி மட்டும் நீளம், பின்னால் மாட்டுவதற்கு ஒரு சின்னத் தகடு. அர்த்தநாரி அதை உரசிப் பார்த்துவிட்டு எவர்சில்வருங்கப்பா என்றான். எனக்கும் திக்கென்றுதான் இருந்தது. ஒரே அத்தை, அண்ணன் மகளுக்குக் காது குத்துக்கு எவர்சில்வரா அனுப்புவாள் என்று நானும் நினைத்தேன். உன் அம்மா விடுவாளா, மருமகன் இரும்பாலையில வேலை பாக்கறாருன்னா பேத்தி காதுக்கும் இரும்புதானுங்களா, அடுத்து இடுப்புக்குத் தண்டவாளம் அனுப்பிச்சாலும் அனுப்புவா உங்க மக என்றாள். கந்தம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இது எதற்கு என்று கடிதத்தில் இருக்கும், அந்தப் பக்கம் வரும்போது சொல்கிறேன் என்று சொல்லி நான் பெட்டியை வாங்கிச் சாமி மாடத்தில் வைத்துவிட்டேன்.

உனக்கு நான் படிக்கும் வேகம் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்தால். சனிக்கிழமை சுக விசாரணை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் குவார்ட்டர்ஸில் குழாய் மாற்றியது, திங்கட்கிழமை குழந்தை இந்தியில் பேசுவது, செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறியது. ஒவ்வொரு நாளும் படித்ததை ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் எல்லோருக்கும் சொல்வேன், உன் அம்மா தினமும் அப்பறம் என்பாள், நான் அப்பறம் நாளைக்கு என்பேன், வீட்டில் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. புதன்கிழமை காது குத்துக்கு ஆள் வர ஆரம்பித்துவிட்டார்கள், அரைப் பக்கம்தான் ஓடியது. ஆவணி இருபத்தைந்து வியாழக்கிழமை குலசாமி கோயிலில் காது குத்து. கந்தம்மாளின் தம்பி சென்னியப்பன் மோகனூரிலிருந்து தாய்மாமன் சீர் கொண்டுவந்தான், தட்டத்தில் பழம், தேங்காய், பாவாடை சட்டை, நடுவில் சிவப்புக்கல் பதித்த பூத்தோடு. சேலம் போய் நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது என்று அவன் அம்மா முத்தாயம்மாள் சொன்னாள். அவன் கரும்பை வெட்ட ஆலையிலிருந்து இன்னும் ஆர்டர் வரவில்லை, கையில் காசு இல்லை, இருந்தும் பையன் சீரில் குறை வைக்கவில்லை, எல்லோரும் தோட்டைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மாமன் தன் மடியில் பூங்கோதையை உட்காரவைத்தான், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன், ஆசாரி குத்தி அந்தத் தோட்டையே போட்டுத் திருகிவிட்டார். அப்பாரு விடுங்க, அப்பாரு விடுங்க என்று என்னிடம் கத்தினாள். பிறகு அவள் கையில் ஒரு லட்டைக் கொடுத்தோம், நின்றுவிட்டது.

அடுத்த நாள் குளிப்பாட்டும்போது இடது காதுத் திருகு கொஞ்சம் ஆடியது. பொன் விழுந்துவிட்டால் மாமன் சீரைத் தொலைத்த பேர் வரும் என்று நானே அவளைப் பிடித்து உட்காரவைத்து அந்தத் திருகை நன்றாக ஒரு சுற்று முறுக்கினேன். உன் அம்மா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டாள். சனிக்கிழமை காது சிவந்தது, புதுக் காது அப்படித்தான் இருக்கும் என்றோம். ஞாயிற்றுக்கிழமை வீங்கியது, மேலே இன்னும் மஞ்சள் போட்டோம். விருந்தாளிகள் போன பிறகு அன்றுதான் நான் மறுபடி உன் கடிதத்தை எடுத்து ஐந்தாம் பக்கத்தை முடித்து ஆறாம் பக்கத்தையும் படித்தேன், கொடிக்காலுக்குத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டிருந்தாய். திங்கட்கிழமை காலை பிள்ளைக்குக் காய்ச்சல். கந்தம்மாள் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள், அர்த்தநாரி மாட்டைப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தான், நான் கொடிக்காலுக்குப் போகும் முன்னால் அன்றைய பக்கத்தை எடுத்தேன். அது ஏழாம் பக்கம்.

நீ எழுதியது எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். பாப்பாவுக்குக் காது குத்தும்போது புதுக் காதுக்கு நகைக்கடைத் தோட்டை உடனே போட வேண்டாம் அப்பா. பூ நல்ல தங்கமாக இருந்தாலும் மரை தேயாமல் இருப்பதற்காகத் தண்டிலும் திருகிலும் வேறு உலோகம் கலப்பார்கள், பச்சைப் புண்ணுக்கு அது சில பிள்ளைகளுக்கு ஆகாது. கல் பதித்தது வேண்டாம், கல்லுக்கு அடியில் அழுக்குத் தங்கும். கனமும் வேண்டாம். எதைப் போட்டாலும் இறுக்க வேண்டாம், காது வீங்குவதற்கு ஒரு நெல் நுழையும் இடம் விடுங்கள். மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவாமல் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் துடையுங்கள். தீப்பெட்டியில் இருப்பது ஆப்பரேஷன் கத்தி செய்கிற எஃகு, எங்கள் டாக்டரம்மா வெளியூரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது, கொதிநீரில் போட்டு எடுத்து இதையே போடுங்கள், ஆறு வாரம் கழற்ற வேண்டாம். என் மகளுக்குக் காது அழுகிப் போய் நான் தெரிந்துகொண்டது இது, அங்கே பாப்பாவுக்கு வரக் கூடாது.

ஒவ்வொரு வரியும் நாங்கள் செய்ததற்கு நேர் மாறாக இருந்தது. நான் மறுபடி எழுத்துக்கூட்டினேன். எனக்கு ழகரம் தடுமாறும், ஒற்று தடுமாறும், அதனால் தப்பாகப் படித்திருப்பேன் என்று நினைத்தேன். மூன்றாம் தடவையும் படித்தேன், அதேதான் இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்றே இருந்துவிடட்டும் சாமி என்று அன்றைக்கு நின்ற இடத்தில் வேண்டிக்கொண்டேன். அந்தப் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய், பிள்ளையை எடுங்க, வேலூர் போலாம் என்றேன். ஏன் எதற்கு என்று சொல்லவில்லை. காய்ச்சலைப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

டாக்டர் மஞ்சளைத் துடைத்துவிட்டு இடது காதின் பின்பக்கத்தைக் காட்டினார். திருகைக் காணவில்லை. சௌந்திரம், திருகு சதைக்குள் முழுகிப் போய்விட்டது, மேலே தோல் மூடிக்கொண்டிருந்தது. இரண்டரை வயதுக் குழந்தையை மரத்துப்போக ஊசி போட்டு, கீறி, இடுக்கியால் எடுத்தார். எடுத்த திருகில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. நான் மாடு பிரசவம் பார்த்தவன், பாம்பு கடித்தவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவன், அன்றைக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். யாருங்க இத்தனை இறுக்கமாத் திருகினது என்று டாக்டர் கேட்டார். ஆசாரி திருகுனதுங்க என்று அர்த்தநாரி சொன்னான். நான் அவனைத் திருத்தவில்லை. இடது ஓட்டையை மூடவிட வேண்டும், வலது காதில் இருப்பதையும் கழற்றிவிடுங்கள், அங்கே சீழ் இல்லை, ஓட்டை மூடாமல் இப்போதைக்கு ஒரு நூல் கோத்துவிடுகிறேன், பிறகு ஏதாவது லேசாகப் போடலாம் என்றார். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் மடல் போயிருக்கும் என்றும் சொன்னார். தோட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார், ஒரு வாரத்துக்கு மாத்திரை, இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து கட்டு மாற்ற வேண்டும். வியாழக்கிழமைதான் காய்ச்சல் நின்றது.

நடுவில் புதன்கிழமை சென்னியப்பன் சேதி கேள்விப்பட்டு ஒரு பை திராட்சைப்பழத்தோடு சைக்கிளில் வந்தான். அவன் வாசலில் காலை வைக்கும் முன்பே உன் அம்மா ஆரம்பித்துவிட்டாள், மாமஞ் சீருன்னு களிம்பேறுன பித்தளையக் கொண்டாந்து போட்டியே, புள்ள காதுதாங் கெடைச்சுதா உனக்கு என்று. அவன், அத்தை சத்தியமாத் தங்கமுன்னுதானுங்க வாங்கினேன் என்றான். கந்தம்மாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். காய்ச்சல் பிள்ளையை இரண்டு ராத்திரி வைத்திருந்தவள், கண்ணெல்லாம் ரத்தம். நீ வாங்கிட்டு வந்ததை நாலு சனத்துக்குக் காட்டிப் பெருமை பட்டுக்கிட்டயில்ல, இப்ப வந்து இந்தக் காதையும் பாத்துட்டுப் போ என்றாள். அவன் கிட்டே வந்தபோது பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, உன்ற கண்ணாலத்துக்கு என்னைக் கூப்படாத, இணைச்சீருக்கு வேற ஆளைப் பாத்துக்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவனுக்கு ஐப்பசி இருபதாம் தேதி கல்யாணம். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அர்த்தநாரிக்கு நீ நின்றாய், மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் வந்து இணைச்சீருக்கு நிற்காமல் நம்மில் ஒரு கல்யாணம் நடக்குமா. அவனுக்கு இருப்பது இந்த ஒரே அக்காள். பங்காளி வீட்டுப் பெண் யாரையாவது நிறுத்தினால் ஏன் என்று கேட்காத வாய் அந்தப் பந்தலில் இருக்காது. அவன் பையைச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்து, வாரனுங்க மாமா என்று மட்டும் சொன்னான். நான் எருமைக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினேன். ஏழாம் பக்கம் என் சட்டைப் பையில் இருந்தது.

உன்னிடம் மறைக்கக் கூடாது, ஆறு நாள் அது என் பையிலேயே இருந்தது. கடிதத்தை வேறு யாரும் படிக்கவில்லை, படிக்க நான் விடவும் இல்லை. அப்பறம் என்ன எழுதியிருக்கறா என்று உன் அம்மா கேட்டபோது மழை பெய்கிறதாம் என்று பொய் சொன்னேன். நான் வாயைத் திறக்காவிட்டால் இது சென்னியப்பன் குற்றமாகவே போய்விடும், வீட்டில் என்னை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். திறந்தால் என் மருமகள் என்னை என்னவென்று நினைப்பாள், பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுக்கும் நம் கொடிக்காலில் வேலை செய்யும் காத்தான் மகள் பழனியம்மாள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று கொடிக்காலில் நடந்துகொண்டே இருந்தேன். ஆறு நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. எழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்தாயம்மாள் வந்தாள். அந்த வெயிலில் பஸ் நிறுத்தத்திலிருந்து ஒற்றை ஆளாக நடந்து வந்தவளை ஒருவரும் வா என்று கேட்கவில்லை. வாசலிலேயே நின்றாள். கையில் ஒரு துணி முடிச்சு. புதன்கிழமை அவன் போகும்போது உன் அம்மா தோட்டைக் காகிதத்தோடு அவன் சைக்கிள் கூடையில் வீசியிருந்தாள், அதை முத்தாயம்மாள் தன் ஊர் ஆசாரியிடம் கொண்டுபோய் உரசிப் பார்த்து எடுத்து வந்திருந்தாள். முடிச்சை அவிழ்த்துக் காட்டி, பூவு மாத்துக் குறையாத தங்கமுன்னு ஆசாரி சொல்றாருங்க, தண்டுலயுந் திருகுலயும் கலப்பு இருக்குது, அது எல்லாக் கடையிலயும் அப்படித்தான் செய்வாங்களாமா, எம் பையன் ஏமாத்துலீங்க என்றாள். உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முத்தாயம்மாள் மகளைப் பார்த்து, கந்தா, அவன் அஞ்சு நாளாச் சோறு திங்கறதில்ல, கண்ணாலமே வேண்டாங்கறான், நீ நிக்காட்டி நாம் போய் ஆரைக் கேக்கறது சாமி என்றாள். கந்தம்மாள் அம்மி பக்கம் குனிந்து மிளகாய் அரைத்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. பெற்ற தாய் வாசலில் நிற்க மகள் நிமிராததை என் வீட்டில் பார்த்தேன் சௌந்திரம், அதற்குக் காரணம் என் சட்டைப் பையில் இருந்தது.

எல்லோரும் இங்கெ வாங்க என்றேன். அர்த்தநாரியைத் தொழுவத்திலிருந்து கூப்பிட்டேன். ஏழாம் பக்கத்தை எடுத்துப் பிரித்தேன், வேர்வையில் மடிப்பு கிழிந்திருந்தது. இது சௌந்திரம் எழுதினது, காது குத்துக்கு அஞ்சு நாள் முன்னால என்ற கைக்கு வந்தது என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பித்தேன். யாரையும் படிக்கச் சொல்லவில்லை, நானே படித்தேன், எழுத்து எழுத்தாக. என் வேகம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு பக்கம் முடிய வெகுநேரம் ஆயிற்று. திருகை இறுக்க வேண்டாம் என்ற இடம் வந்தபோது நிறுத்தி, வெள்ளிக்கிழமை இதை முறுக்கினது ஆசாரி இல்லை, நான் என்றும் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினேன்.

முதலில் அர்த்தநாரிதான் பேசினான். ஏனப்பா, அன்னைக்கே என்ற கையில குடுத்திருந்தா அஞ்சு நிமிசம் என்றான். அவன் சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னான். உன் அம்மா, அறுவத்தஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போயிப் படிச்ச படிப்புக்குப் புள்ள காதைப் பலி குடுக்கப் பாத்தீங்களே, நானும் தண்டவாளமுன்னு நக்கல் பண்ணிக்கிட்டுத் திரிஞ்சனே என்று தலையில் அடித்துக்கொண்டு முத்தாயம்மாளிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். கந்தம்மாள் எழுந்து வந்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்து அந்தப் பக்கத்தை வாங்கினாள், மிச்சம் எங்கெ என்றாள், பெட்டியில் என்றேன். பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்து வந்து நின்றபடியே ஒரே மூச்சில் படித்தாள், நான் ஒன்பது நாளில் படித்ததையும் இன்னும் படிக்காததையும் சேர்த்து, மிளகாய் அரைத்த ஈரம் காய்வதற்குள் முடித்துவிட்டாள். பிறகு சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து தன் அம்மாவுக்கு இரண்டு கையாலும் கொடுத்தாள். மொத நாளே வந்துடறேன்னு தம்பிகிட்டச் சொல்லு என்றாள். முத்தாயம்மாள் குடித்த தண்ணீர் பாதி சேலையில் போயிற்று.

அடுத்த நாள் சென்னியப்பன் வந்தான். தீப்பெட்டியை மாடத்திலிருந்து எடுத்து, நீ எழுதியபடி கந்தம்மாள் அந்த எஃகு மொட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்தாள். மாமன் மடியிலேயே உட்காரவைத்து வலது காதில் இருந்த நூலை எடுத்துவிட்டு அவனே மாட்டினான், தகட்டை ஒட்டாமல் ஒரு நெல் இடம் விட்டு. நெல்லை எடுத்து வைத்து அளந்துவேறு பார்த்தான், அக்காளும் தம்பியும் அதற்குச் சிரித்துக்கொண்டார்கள். இன்றோடு பதிமூன்று நாள், சிவப்பு இல்லை, நீர் இல்லை. ஒற்றைக் காதில் எவர்சில்வர் போட்ட பிள்ளையை ஊரில் அவரவர் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள், ஏனம் பாத்திரம் வாங்கின கடையிலயே தோடும் வாங்குனீங்களா என்று நேற்றுக்கூட ஒருத்தி கேட்டாள், உன் அம்மாவே அதற்கு டாக்டரம்மா, ஆப்பரேஷன் கத்தி என்று பதில் சொல்கிறாள். கல்யாணத்துக்கும் ஒற்றைக் காதோடுதான் வருவாள். இடது காது தழும்பு ஆறித் தை பிறந்த பிறகு குத்தலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதற்கு எது போட வேண்டும், இன்னொரு மொட்டு பெட்டியிலேயே இருக்கிறது, அதுவே போதுமா, சென்னியப்பன் தோட்டைத் தண்டும் திருகும் சுத்தத் தங்கத்தில் மாற்றிச் செய்து எத்தனை மாதம் கழித்துப் போடலாம் என்று டாக்டரம்மாவைக் கேட்டு எழுது. உன் மகள் காது அழுகியது எப்போது, ஏன் அப்போதே எழுதவில்லை. எழுதினால் தபால்காரர் வாயால் ஊரே கேட்கும் என்று விட்டுவிட்டாயா. அதையும் எழுது.

எழுத்தைச் சிறிதாக்கிவிடாதே சாமி, பெரிதாகவே எழுது. கடிதம் வந்தால் முதலில் கந்தம்மாள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஏற்பாடு ஆகியிருக்கிறது. அவள்தான் சொன்னாள், மாமா, நாம் படிச்சுட்டுக் குடுத்துடறனுங்க, பொறவு நீங்க எத்தனை நாள் வேணாலும் வெச்சுப் படிங்க என்று. சரி என்றேன். பள்ளிக்கூடமும் மறுபடி போகிறேன், பழனியம்மாளிடம் நடந்ததைச் சொன்னேன், அவள் அழுதுவிட்டாள். இந்தக் கடிதத்தையும் கந்தம்மாள் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுவேன், ஆறு நாள் மறைத்ததைக் குறைத்து எழுதிவிட்டேனோ என்று அவள் பார்க்கட்டும்.

அவள் என்னிடம் கோபமாக இல்லை, சோறு போடுகிறாள், வெந்நீர் வைக்கிறாள், ஆனால் முன்போல் பேசவில்லை. பூங்கோதையும் அப்படித்தான். காலையிலும் மாலையிலும் உப்புத்தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு நான் கிட்டே போனால் இரண்டு கையாலும் காதை மூடிக்கொள்கிறாள். முன்பெல்லாம் கூப்பிடும் முன்னே மடியில் ஏறுகிற பிள்ளை. இப்போது தன் அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாள். கந்தம்மாள் என் கையில் இருப்பது என்ன என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, போ என்று தலையை ஆட்டுகிறாள். அதற்குப் பிறகுதான் கையை எடுத்துவிட்டு மெல்ல வருகிறாள். அது சரிதான், நான் காத்திருக்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்கக் குலசாமி துணை இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் மரியாதையைச் சொல், என் பேத்தி கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடு. ஐப்பசி இருபது கல்யாணத்துக்கு லீவு கிடைக்கிறதா என்று உடனே ஒரு கார்டு போடு, கந்தப்பன் திரும்பும்போது வெற்றிலைக் கட்டு கொடுத்தனுப்புகிறேன், நனைத்த துணியில் சுற்றி வை.

இப்படிக்கு,
உன் அப்பா,
அப்புசாமி.